வால்டாக்ஸ் ரோடு: பெயர்க் காரணமும் மதில் போன வழியும்

பூங்காநகர்வாசி (கேள்வி)

எங்கள் பகுதி நூலகத்தில் வால்டாக்ஸ் ரோட்டைப் பற்றி ஒரு தகவல் பலகை வைக்க இருக்கிறோம். 60, 70 சொல்லுக்குள் அடங்க வேண்டும், தப்பு எதுவும் இருக்கக் கூடாது. இந்த வட்டாரத்தில் மூன்று விதமாகச் சொல்கிறார்கள்.

ஒன்று, வால்டாக்ஸ் என்பது ஒரு வெள்ளைக்காரத் துரையின் பெயர். இரண்டாவது, யானைக்கவுனி வாசலில் உள்ளே வரும் வண்டிகளுக்குச் சுங்கம் வாங்கினார்கள், அதனால் ‘டாக்ஸ்’. மூன்றாவது, ஊருக்கு மதில் கட்டிய செலவை ஈடுகட்டப் போட்ட வரி.

எது சரி? மதில் எந்த வழியாகப் போனது, இன்றைக்கு ஏதாவது மிச்சம் இருக்கிறதா? வரியை எத்தனை வருஷம் வசூலித்தார்கள்? இப்போது அதிகாரப்பூர்வப் பெயர் வ.உ.சி. சாலை, பழைய பத்திரங்களிலோ ஒவ்வொன்றில் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது. பலகையில் எந்தப் பெயரைப் போடுவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கறுப்பர்பட்டணம் (பதில்)

மூன்றாவதுதான் சரி. ஆனால் அதிலும் ஒரு இடத்தில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். வரி போட முடிவு செய்தார்கள் என்பது வரைக்கும்தான் எழுதலாம். ‘வசூலித்தார்கள்’ என்று எழுதினால் தப்பாகிவிடும். அந்த வரி வசூலாகவே இல்லை. பெயர் மட்டும் ரோட்டில் தங்கிவிட்டது.

மதில் ஏன் வந்தது என்று புரிந்தால்தான் வரி விவகாரம் புரியும். அதனால் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

முதலில் இருந்த கறுப்பர் பட்டணம் (‘பிளாக் டவுன்’, கோட்டைக்கு வெளியே இந்தியர்கள் குடியிருந்த பகுதி) இன்றைய ஜார்ஜ் டவுன் இல்லை. செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் வடக்குச் சுவரை ஒட்டி, இப்போது உயர்நீதிமன்ற வளாகம் இருக்கும் இடத்தில் இருந்தது. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். 1749-ல் ஒப்பந்தப்படி திரும்பக் கொடுத்தார்கள். கோட்டைச் சுவருக்குப் பக்கத்திலேயே வீடுகள் இருந்தால் எதிரி அவற்றின் மறைவில் நெருங்கி வந்து சுட முடியும் என்பது அந்தப் போரில் தெரிந்துபோனது. அதனால் பழைய பட்டணத்தை இடித்துத் தரைமட்டமாக்கி, பீரங்கி தடையில்லாமல் சுடுவதற்கு வெட்டவெளியாக விட்டார்கள். எஸ்பிளனேடு என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அதுதான் இது. மக்கள் வடக்கே தள்ளி முத்தியால்பேட்டைக்கும் பெத்துநாயக்கன்பேட்டைக்கும் போனார்கள். இடித்த பழைய பட்டணத்தில் இருந்த பட்டணம் கோயிலும் இடம் மாறி, இன்று தேவராஜ முதலி தெருவில் சென்னகேசவப் பெருமாள், சென்னமல்லீசுவரர் கோயில்களாக இருக்கிறது.

இந்தப் புதுப் பட்டணத்துக்கு மேற்கிலும் வடக்கிலும் உருப்படியான காவல் கிடையாது. 1758 டிசம்பர் 14-ம் தேதி லாலியின் பிரெஞ்சுப் படை நேரே உள்ளே புகுந்தது. சிப்பாய்கள் வீடுகளைக் கொள்ளையடித்து, கிடைத்த சாராயத்தைக் குடித்துக் கிடந்தார்கள் என்பதும், அந்த நேரம் பார்த்துக் கோட்டையிலிருந்து ஆங்கிலேயத் தளபதி டிரேப்பர் ஒரு படையோடு வெளியே வந்து தெருவுக்குள்ளேயே சண்டை போட்டார் என்பதும் முற்றுகை வரலாற்றில் பதிவான செய்திகள். 1759 பிப்ரவரி 17-ல்தான் பிரெஞ்சுக்காரர்கள் முற்றுகையைக் கைவிட்டுப் போனார்கள். இரண்டு மாதத்துக்கு மேல் ஊர் எதிரி கையில் இருந்தது.

அதற்குப் பிறகு ஹைதர் அலி. 1767-ல் மைசூர் குதிரைப்படை பரங்கிமலை வரைக்கும் வந்து தோட்ட வீடுகளைச் சூறையாடிவிட்டுப் போனது. அதை நடத்தி வந்த திப்பு அப்போது இருபது வயதுகூட ஆகாதவர். 1769-ல் ஹைதரே பட்டணத்து வாசலுக்கு வந்து நின்று, கிழக்கிந்தியக் கம்பெனியை உடன்படிக்கையில் கையெழுத்துப் போட வைத்தார். கோட்டை தப்பிக்கும், ஊர் தப்பிக்காது என்பது இரண்டு முறை நடந்து தெரிந்துவிட்டது. மதில் வேலை 1760-களின் பிற்பகுதியில் வேகம் பிடித்து 1770-களின் தொடக்கத்தில் முடிந்ததற்கு இதுதான் காரணம்.

கட்டிக் கொடுத்தவர் பால் பென்ஃபீல்ட். கம்பெனியில் கட்டிட வேலைக்கு வந்தவர், பிறகு ஒப்பந்தக்காரர் ஆனார். ஆற்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்துச் சேர்த்த சொத்துக்காக 1785-ல் பிரிட்டிஷ் பார்லிமென்டில் எட்மண்ட் பர்க் கடுமையாகச் சாடினாரே, அதே பென்ஃபீல்ட். பலகையில் இந்தப் பெயருக்கு இடம் கொடுங்கள். இந்த ஊரின் கட்டிடங்களும் கடன்களும் ஒரே ஆள் வழியாக எப்படிப் போயின என்று அவர் பெயர் ஒன்றே காட்டிவிடும்.

துரை பெயர் என்ற கதை ஏன் வந்தது என்பதும் லேசாகப் புரிகிறது. ஆங்கிலத்தில் முதலில் ‘வால்’ (சுவர்), ‘டாக்ஸ்’ (வரி) என்று இரண்டு சொல்லாக இருந்தது. கடைப் பலகையிலும் பஸ் பலகையிலும் ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதினார்கள். தமிழில் ‘வால்டாக்ஸ்’ என்று சேர்ந்தவுடன் ஆள் பெயர் மாதிரியே காதில் விழுகிறது. அப்படி ஒரு துரை இருந்ததில்லை.

எழும்பூர்ஏடு (பதில்)

மேலே சொன்னது சரி. வரி ஏன் வசூலாகவில்லை என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், பெயரின் உயிர் அதில்தான் இருக்கிறது.

கம்பெனியின் வாதம் இதுதான்: மதில் கோட்டைக்காக இல்லை, ஊர் மக்களின் வீட்டையும் சரக்கையும் காப்பாற்ற. ஆகவே செலவை அவர்களே ஏற்க வேண்டும். கேட்பதற்கு நியாயமாக இருக்கும். ஆனால் வியாபாரக் கம்பெனி ஒன்று, பார்லிமென்ட் சட்டம் எதுவும் கையில் இல்லாமல், பட்டணத்தில் வீடு வைத்திருப்பவன் மேல் வரி போட முடியுமா? அந்த அதிகாரக் கேள்வியில்தான் திட்டம் சிக்கிக்கொண்டது. கடைசியில் செலவு கம்பெனி தலையிலேயே நின்றது.

இந்தத் தயக்கம் புதிதும் இல்லை. சென்னை மாநகராட்சிக்கு 1687 டிசம்பரில் சாசனம் கொடுத்து 1688 செப்டம்பரில் தொடங்கிவைத்ததன் நோக்கங்களில் ஒன்றே, கம்பெனி நேராகக் கேட்டால் தராத வரியை ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்த சபை கேட்டால் தருவார்கள் என்ற கணக்கு. அந்தக் கணக்கும் பலிக்கவில்லை. வீட்டு வரி என்ற பேச்சு எடுத்தபோதெல்லாம் பட்டணத்தில் எதிர்ப்பு கிளம்பியிருக்கிறது. சுவர் வரிக்கு எண்பது வருஷம் முன்னாலேயே இருந்த பழக்கம் இது.

சட்டம் தெளிவானது 1793-ல். அந்த வருஷத்துச் சாசனச் சட்டம்தான் கல்கத்தா, சென்னை, பம்பாய் மூன்று ஊர்களிலும் தெரு சுத்தம், காவல், பராமரிப்பு ஆகியவற்றுக்காக வீடுகள் மேல் வரி போடும் அதிகாரத்தை அமைதி நீதிபதிகளுக்கு (‘ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ்’) கொடுத்தது. அதாவது மதில் கட்டி முடித்து இருபது வருஷம் கழித்து. இன்று நாம் கட்டுகிற சொத்து வரியின் சட்ட வேர் அங்கே இருக்கிறது, சுவர் வரியில் இல்லை. சிலர் ‘சென்னையின் முதல் சொத்து வரி’ என்று இந்த ரோட்டைப் பற்றி எழுதுகிறார்கள். அதை எடுத்துப் போட்டுவிடாதீர்கள்.

சுங்கக் கதைக்கும் ஒரு வரி. கம்பெனிக்குச் சுங்க வருமானம் இருந்தது உண்மை. கடல் வழிச் சரக்குக்கு ஒரு சுங்கம், தரை வழிச் சரக்குக்கு ஒரு சுங்கம். இரண்டுமே மதிலுக்கு ரொம்ப காலம் முன்பிருந்தே, பதினேழாம் நூற்றாண்டிலிருந்தே நடந்து வந்தவை. மதில் வாசலில் வண்டி நின்றிருக்கும், சோதனையும் நடந்திருக்கும், ஆனால் அதற்கு ‘சுவர் வரி’ என்று பெயர் கிடையாது. சுவர் வரி என்பது உள்ளே குடியிருப்பவன் தரவேண்டியது. சுங்கம் சரக்கின் மேல் விழுவது. இரண்டையும் குழப்புவதால்தான் அந்த இரண்டாவது கதை பிறந்தது.

பூங்காநகர்வாசி

ரொம்ப நன்றி. வசூலாகவில்லை என்பது எங்களில் யாருக்கும் தெரியாது, எழுதி வைத்திருந்த வரைவையே மாற்ற வேண்டும். மதில் போன வழியைத் தரையில் அடையாளம் காட்ட முடியுமா? பலகையில் ஒரு சின்ன வரைபடம் போட ஆசை.

மதிலோரம் (பதில்)

காட்டலாம். மொத்தம் நாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தால் நெரிசல் இல்லாமல் பார்க்கலாம். இரண்டு பக்கம்தான் மதில் என்பதை முதலில் மனதில் வையுங்கள்: வடக்கு, மேற்கு. கிழக்கே கடல், தெற்கே எஸ்பிளனேடும் கோட்டையும். ஊரைச் ‘சுற்றி’ மதில் என்று பலர் எழுதுவார்கள். வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டுவிட்டால் அதுவே தப்பாகிவிடும். சரியான வடிவம், மேலே ஒரு கோடும் இடது பக்கம் ஒரு கோடுமாக ‘ட’வைத் தலைகீழாக்கினது போல.

ராயபுரத்தில் கிளைவ் பேட்டரி பஸ் நிறுத்தத்தில் ஆரம்பியுங்கள். வடகிழக்கு மூலை அதுதான். பேட்டரி என்றால் பீரங்கி வரிசை நிறுத்திய மேடை. கடலும் மதிலும் சந்திக்கிற இடத்தைக் காக்க வைத்தது. துறைமுகத்துக்காகக் கடலை வெகுதூரம் தள்ளிவிட்டதால் இப்போது அங்கே நின்றால் மூலை மாதிரியே தெரியாது.

அங்கிருந்து மேற்கே பழைய ஜெயில் சாலை. வடக்கு மதில் இதை ஒட்டித்தான் போனது. ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கும் அதே சாலை. பெயரில் இருக்கும் ஜெயிலின் இடத்தில்தான் இப்போது பாரதி மகளிர் கல்லூரி நடக்கிறது.

மிச்சம் என்று கேட்டீர்களே, அது இந்தச் சாலையில்தான் இருக்கிறது: மாடிப் பூங்கா. இதைத் தவறாமல் போய்ப் பாருங்கள். மதிலின் ஒரு துண்டு இடிபடாமல் தப்பியது. அதன் தலையிலேயே மண் நிரப்பிப் பூங்கா போட்டிருக்கிறார்கள், அதனால்தான் ‘மாடி’. வெளியிலிருந்து பார்த்தால் உயரமான ஒரு மேடை போலத்தான் தெரியும். அடிப்பகுதிக்குப் போய்ப் பாருங்கள்: செங்கல் வளைவு போட்ட அறைகள் உள்ளே இருக்கும். மதில் என்றவுடன் வீட்டுக் காம்பவுண்டுச் சுவர் மாதிரி ஒரு செங்கல் வரிசையை நினைத்துவிடுகிறோம். இது அப்படி இல்லை. மேலே ஆட்களும் பீரங்கியும் நகர இடம் வேண்டும், கீழே சரக்கும் காவல்காரர்களும் தங்க இடம் வேண்டும். அந்த அகலத்தை ஒரு தடவை கண்ணால் பார்த்தால்தான் செலவு ஏன் கையைக் கடித்தது, வரி வரைக்கும் ஏன் போனார்கள் என்பது விளங்கும்.

பிறகு மின்ட் பக்கம் வாருங்கள். மதில் இந்த வடமேற்கு மூலையில் தெற்கே திரும்புகிறது. மின்ட் என்ற பெயர் மதிலுக்குப் பிந்தையது. நாணயச்சாலை கோட்டையிலிருந்து இங்கே வந்தது 1840-களின் தொடக்கத்தில்தான். தங்கசாலைத் தெருவும் வால்டாக்ஸ் ரோடும் ஒன்றுக்கொன்று இணையாகத் தெற்கே ஓடுவதை வரைபடத்தில் காட்டினால் படிப்பவர்களுக்கு இடம் பிடிபடும்.

இனி வால்டாக்ஸ் ரோடு. தெற்குப் பார்த்து நடக்கும்போது இடது கைப் பக்கம் கவனியுங்கள். சௌகார்பேட்டையிலிருந்து வரும் தெருக்கள் ஒவ்வொன்றும் இந்த ரோட்டில் வந்து முட்டி நின்றுவிடும். வலது கைப் பக்கம் ரயில்வே நிலம். ரோட்டைத் தாண்டி மேற்கே தொடர்கிற தெரு அரிது. தெருக்கள் முட்டி நிற்பதற்குக் காரணம் ரயில் மட்டும் இல்லை. ரயில் வருவதற்கு முன்னால் அந்த இடத்தை மதில் அடைத்திருந்தது. மதிலுக்கு வெளியே கட்டிடம் இல்லாத வெட்டவெளி இருந்ததால்தான் பிற்பாடு சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு அவ்வளவு பெரிய இடம் கிடைத்தது. ஸ்டேஷன் 1873-ல் வந்தது.

மேற்கே தாண்டிப் போகிற முக்கிய இடம் யானைக்கவுனி. கவுனி என்றால் கோட்டை வாசல். மதிலில் அங்கே ஒரு வாசல் இருந்தது, தெரு அதன் வழியாக வெளியே போனது, மதில் போன பிறகும் போக்குவரத்து அதே இடத்தில்தான் தாண்டுகிறது. பாலமும் அங்கேதான் கட்டினார்கள். ரோட்டின் பெயரும் வாசலின் பெயரும் ஒன்றுக்கொன்று சாட்சி. பலகையில் இந்த இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

ஒற்றைவாடை நாடகக் கொட்டகையும் இந்த ரோட்டில்தான் இருந்தது. தமிழ் நாடக மேடையின் பெரிய பெரிய ஆட்கள் ஏறிய இடம். ஒற்றைவாடை என்றால் ஒரு பக்கம் மட்டும் வீடு உள்ள தெரு. மேற்கே மதில், பிறகு ரயில் என்று கிடந்த இந்த வட்டாரத்துக்கு அது எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள்.

தெற்கே சென்ட்ரலும் பெரியாஸ்பத்திரியும் இருக்கும் இடத்துக்கு வந்தால் மதில் முடிந்தது.

நேரம் இருந்தால் இன்னும் ஒன்று. பாரிமுனையில் டேர் ஹவுஸ் வளாகத்துக்குள் ஒரு கல் தூண் நிற்கிறது, 1773 ஜனவரி 1 என்று தேதி போட்டது. கோட்டைக்கும் புதுப் பட்டணத்துக்கும் நடுவே வெட்டவெளி எதுவரை, வீடு எங்கிருந்து கட்டலாம் என்று எல்லை காட்ட நட்ட ஆறு தூண்களில் மிஞ்சியது இது ஒன்றுதான். மதிலும் இந்தத் தூண்களும் ஒரே காலத்து வேலை. வடக்கிலும் மேற்கிலும் செங்கலால் எல்லை, தெற்கில் கல் தூணால் எல்லை.

பத்திரஎழுத்து (பதில்)

பத்திரங்களில் பெயர் மாறி மாறி வருவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பலகைக்கு மட்டும் இல்லாமல், இந்த ரோட்டில் சொத்து வாங்குகிற விற்கிறவர்களுக்கும் பயன்படும் என்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

ஒரே இடத்தைப் பழைய பத்திரம் ‘பிளாக் டவுன், பெத்துநாயக்கன்பேட்டை’ என்று சொல்லும். பின்னால் வந்தது ‘ஜார்ஜ் டவுன்’ என்றோ ‘பார்க் டவுன்’ என்றோ சொல்லும். ரோட்டின் பெயர் இரண்டு சொல்லாக, ஒரு சொல்லாக, தமிழில் ‘வால்டேக்ஸ்’ என்றுகூட இருக்கும். புதிய பத்திரத்தில் வ.உ.சி. சாலை. இவை எல்லாம் ஒரே ரோடுதான். பெயர் வேறுபாட்டால் மட்டும் சொத்தின் உரிமை கெடாது. கெடுவது எங்கே என்றால், ஒருவர் புதுப் பத்திரத்தில் புதுப் பெயரை மட்டும் எழுதி, பழைய பெயரை விட்டுவிடும்போது. அடுத்து வாங்குகிறவரின் வக்கீல் தாய்ப்பத்திரத்தோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒரே சொத்தா என்று கேள்வி எழுப்புவார். வங்கியும் அதையே கேட்கும். பிறகு பிழைத்திருத்தல் பத்திரம் என்று அலைச்சல்.

சொத்து விவரத்தில் இப்படி எழுதுங்கள்: ‘வ.உ.சி. சாலை (முந்தைய பெயர் வால்டாக்ஸ் ரோடு)’. அதோடு பழைய கதவு எண், புதிய கதவு எண் இரண்டும். அதோடு ஆர்.எஸ். எண் (மறு அளவை எண்), பிளாக் எண். பழைய பத்திரத்தில் ஓ.எஸ். எண்ணும் (பழைய அளவை எண்) கலெக்டர் சர்டிபிகேட் எண்ணும் இருந்தால் அவற்றையும் அப்படியே எடுத்து எழுத வேண்டும். சென்னைப் பட்டணத்துப் பத்திரங்களில் ஒரு மனையைப் பல காலத்துக்கும் கட்டிப் பிடித்து வைத்திருப்பது இந்த எண்கள்தான். தெருப் பெயர் மாறும், கதவு எண் மாறும், சர்வே எண்ணின் தொடர்ச்சியைக் கண்டுபிடித்துவிடலாம். நகர அளவைப் பதிவேட்டு நகல் ஒன்று வாங்கி எண்ணைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

வில்லங்கச் சான்று போடும்போதும் தெருப் பெயரை நம்பித் தேடாதீர்கள், சர்வே எண்ணை வைத்துத் தேடுங்கள். இணையத்தில் பொதுவாக 1975-க்குப் பிந்தையதுதான் வரும். அதற்கு முந்தைய காலத்துக்குச் சார்பதிவகத்தில் மனுக் கொடுத்துக் கையால் தேடித்தான் வாங்க வேண்டும். அந்தத் தேடலுக்குப் பழைய பெயரும் பழைய எண்களும் கட்டாயம் தேவைப்படும்.

நான்கெல்லையைப் படிக்கும்போது ஒரு சோதனை. ரோட்டின் கிழக்கு ஓரத்துச் சொத்து என்றால் ‘மேற்கே வால்டாக்ஸ் ரோடு’ என்று இருக்கும், இதுதான் வழக்கம். ‘கிழக்கே வால்டாக்ஸ் ரோடு’ என்று கண்டால் சொத்து ரயில்வே பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பக்கம் பெரும்பாலும் ரயில்வே நிலம், அரசு நிலம். எழுத்துப் பிழையா, நிஜமாகவே அந்தப் பக்கமா என்று தெரியாமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

இன்னொன்று தபால். வ.உ.சி. பெயரில் சென்னையில் தெருவும் நகரும் நிறைய உண்டு. வெறுமனே வ.உ.சி. சாலை, சென்னை என்று எழுதினால் கடிதம் சுற்றும். இந்த ரோட்டில் பூங்காநகர்ப் பக்கம் 600003, சௌகார்பேட்டைப் பக்கம் 600079. பின்கோடு சரியாக இருந்தால்தான் ஒழுங்காக வந்து சேரும்.

எழும்பூர்ஏடு

பலகையில் போடுவதற்கு ஆதாரம் கையில் இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால், தேடும் வழி இது.

எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். மதில் சம்பந்தப்பட்டவை இரண்டு வரிசையில் கிடைக்கும்: பொதுத் துறை ஆலோசனைப் பதிவுகள், ராணுவத் துறை ஆலோசனைப் பதிவுகள். ராணுவ வரிசை 1752-ல் தொடங்குகிறது. பலரும் வரி என்றவுடன் வருவாய்த் துறையைக் கேட்பார்கள். அந்த வரிசை 1774-ல்தான் தனியாக ஆரம்பிக்கிறது, மதில் விவகாரத்தின் முக்கியப் பகுதி அதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. அங்கே தேடி ஒன்றும் இல்லை என்று திரும்பி வருகிறவர்கள் உண்டு. 1765 முதல் 1775 வரை எடுத்துக்கொண்டு, முதலில் ஒவ்வொரு வருஷத்துக்கும் உள்ள பொருளடக்கத் தொகுதியைக் கேளுங்கள். அதில் பென்ஃபீல்ட், பிளாக் டவுன், மதில் ஆகிய மூன்று தலைப்பில் பாருங்கள். நேராக மூலத் தொகுதியைக் கேட்டால் ஆயிரக்கணக்கான கையெழுத்துப் பக்கத்தில் மாட்டிக்கொள்வீர்கள். தாள் நொறுங்குகிற நிலையில் இருந்தால் மூலத்தைத் தர மாட்டார்கள், அச்சிட்ட பதிப்போ நகலோ இருக்கிறதா என்று கேட்க வேண்டும். நூலகத்தின் பெயரில் ஒரு கடிதமும் அடையாள அட்டை நகலும் எடுத்துப் போங்கள்.

வரைபடங்களில் 1755-ல் கொன்ராடி போட்டதையும், 1822-ல் ரேவன்ஷா போட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவதில் மதில் இருக்காது, இரண்டாவதில் இருக்கும். அதைவிடச் சுருக்கமான ஆதாரம் கிடையாது.

வ.உ.சி. சாலை என்று மாற்றிய மன்றத் தீர்மானத்தின் நகல் வேண்டுமென்றால் மாநகராட்சிப் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் வர வேண்டும். கேள்வியை ‘பெயர் ஏன் மாற்றப்பட்டது’ என்று கேட்காதீர்கள். காரணம் கேட்டால் ‘பதிவில் இல்லை’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ‘பெயர் மாற்றம் குறித்த மன்றத் தீர்மானத்தின் எண், தேதி, நகல்’ என்று ஆவணத்தைக் கேளுங்கள்.

பூங்காநகர்வாசி

எல்லோருக்கும் நன்றி. ஒரே ஒரு கேள்வி மிச்சம். எங்கள் குழுவில் சிலர், ஆங்கிலப் பெயரை எழுதவே வேண்டாம், ‘சுவர் வரிச் சாலை’ என்று தமிழில் போட்டுவிடலாம் என்கிறார்கள். சரியா?

கறுப்பர்பட்டணம்

வேண்டாம் சார். அப்படி ஒரு பெயர் எந்தக் காலத்திலும் மக்கள் வாயிலும் இருந்ததில்லை, பத்திரத்திலும் இல்லை. பலகையில் ஒரு தடவை ஏறினால் பத்து வருஷத்தில் அதுவே ‘பழைய பெயர்’ ஆகிவிடும். விளக்கத்தில் ‘சுவர் வரி’ என்று சொல்லுங்கள், பெயராகச் சொல்லாதீர்கள். தலைப்பில் வ.உ.சி. சாலை முதலில், வால்டாக்ஸ் ரோடு அடுத்து. சுதேசிக் கப்பல் ஓட்டி பிரிட்டிஷ் கப்பல் கம்பெனியோடு மோதியவர் பெயரும், கிழக்கிந்தியக் கம்பெனி போட நினைத்த வரியின் பெயரும் ஒரே பலகையில் நிற்பது இந்த ரோட்டுக்குக் கிடைத்த பெருமை. இரண்டில் எதையும் விட வேண்டாம்.

உங்கள் அளவுக்குள் ஒரு வரைவு தருகிறேன், திருத்திக்கொள்ளுங்கள்:

‘வ.உ.சி. சாலை (வால்டாக்ஸ் ரோடு). 1758–59 பிரெஞ்சு முற்றுகைக்கும் ஹைதர் அலியின் படையெடுப்புகளுக்கும் பிறகு, கறுப்பர் பட்டணத்தின் வடக்கிலும் மேற்கிலும் கிழக்கிந்தியக் கம்பெனி மதில் எழுப்பியது. ஒப்பந்தக்காரர் பால் பென்ஃபீல்ட். மேற்கு மதில் இந்தச் சாலையை ஒட்டிச் சென்றது. கட்டுமானச் செலவுக்காகக் குடியிருப்போர் மீது சுவர் வரி விதிக்க எண்ணினர். அந்த வரி வசூலாகவில்லை. மதிலின் ஒரு வாசலே யானைக்கவுனி. மதிலின் எஞ்சிய பகுதியைப் பழைய ஜெயில் சாலை மாடிப் பூங்காவில் காணலாம்.’

மதிலோரம்

வரைவு நன்றாக இருக்கிறது. வரைபடத்துக்கு இரண்டு யோசனை. மதிலைத் தடித்த கோடாகவும், இன்றைய ரோடுகளை மெல்லிய கோடாகவும் காட்டுங்கள். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் படிக்க முடியாது, மதிலை ஒரு மயிரிழை மேற்கே தள்ளிப் போடுங்கள். வடக்கு மேலே வரும்படி போட்டு, பலகையை வைக்கும் சுவரும் வடக்குச் சுவராகவே இருந்தால் பார்ப்பவர் இடது கையை நீட்டினால் வால்டாக்ஸ் ரோடு, வலது கையை நீட்டினால் கடல் என்று திசை குழம்பாமல் பொருந்தும். கிளைவ் பேட்டரி, மாடிப் பூங்கா, மின்ட், யானைக்கவுனி, சென்ட்ரல் என்று ஐந்து புள்ளி போதும். அதற்கு மேல் போட்டால் எழுத்து பொடியாகி, வயசானவர்களுக்குக் கண்ணில் தெரியாது.